தற்காலிகம் என்னும் சொல்: வளர்ப்புரிமைத் தீர்ப்புகளில் தாத்தா பாட்டியின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இடையே குழந்தையின் வளர்ப்புரிமை குறித்து எழுந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2008 முதல் 2025 வரை வழங்கிய சில தீர்ப்புகளை இக்கட்டுரை ஒப்பிட்டு வாசிக்கிறது. தாத்தா பாட்டி வென்ற வழக்குகளிலும் தோற்ற வழக்குகளிலும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெற்றோரின் தகுதியே. வளர்த்த ஆண்டுகள் தனிச் சான்றாக எடையிடப்படுவது அரிது என்பது இதன் வாதம். பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்ல, குழந்தைகள் மூத்தோரிடம் வளரும் திருவண்ணாமலை வட்டாரச் சூழலை முன்வைத்து இவ்வாதம் சோதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வளர்ப்புரிமை, பாதுகாவலர், குழந்தை நலன், குடும்ப நீதிமன்றம், ஆட்கொணர்வு மனு, திருவண்ணாமலை.

முன்னுரை

1989ஆம் ஆண்டு வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை ஆகிய பகுதிகளிலிருந்து பெங்களூருவுக்கும் பிற நகரங்களுக்கும் கட்டட வேலைக்குச் செல்லும் இளம் தம்பதியர் பலர். குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டும்போது அதை ஊரிலேயே விட்டுச் செல்வது வழக்கம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும், தடுப்பூசி அட்டையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதும் தாத்தா அல்லது பாட்டியே. இவ்வட்டாரப் பேச்சு வழக்கில் பாட்டிக்கு 'ஆயா' என்று பெயர். அதே சொல் பால்வாடியில் கூலிக்குக் குழந்தை பார்ப்பவரையும் குறிக்கும். உறவுக்கும் ஊழியத்துக்கும் ஒரு சொல்லே வழங்கும் இந்நிலை, வழக்கு என்று வந்துவிட்டால் வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. குழந்தையை வளர்த்தவர் உறவின் உரிமையோடு நிற்கிறாரா, ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பித் தர வேண்டிய ஊழியராக நிற்கிறாரா என்பதே அங்கு எழும் வினா.

இணக்கமான குடும்பத்தில் இவ்வினா எழுவதில்லை. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்யும்போதும், தந்தை இறந்து தாய் புகுந்த வீட்டை விட்டு வெளியேறும்போதும், தம்பதியர் பிரியும்போதும் எழுகிறது. இக்கட்டுரையில் 'வளர்ப்புரிமை' என்பது குழந்தையை உடன் வைத்து வளர்க்கும் உரிமையையும், 'பாதுகாவலர் நிலை' என்பது குழந்தையின் சார்பில் முடிவெடுக்கும் சட்டத் தகுதியையும் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் அத்தர் உசேன் வழக்கில் (2010) தெளிவுபடுத்தியது. தந்தை பாதுகாவலராக இருக்க, குழந்தை தாய்வழி உறவினரிடம் வளரலாம் என்பது அதன் நடைமுறைப் பொருள்.

சட்டத்தின் இரண்டு முகங்கள்

1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டமே இன்றும் இவ்வழக்குகளின் அடித்தளம். அதன் 17ஆம் பிரிவு, பாதுகாவலரை நியமிக்கையில் குழந்தையின் வயது, பால், சமயம், பாதுகாவலராக வர விரும்புவோரின் குணம், ஆற்றல், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியவற்றுடன் அவருக்கும் குழந்தைக்கும் இடையே ஏற்கெனவே நிலவிய, இப்போது நிலவும் தொடர்புகளையும் கருத வேண்டும் என்கிறது. சிந்தித்து விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம். வளர்த்த பாட்டிக்கு இடம் தருவதற்கு இதைவிட வெளிப்படையான சொற்கள் தேவையில்லை.

ஆனால் 19ஆம் பிரிவு கதவை மறுபக்கமிருந்து சாத்துகிறது. தந்தையோ தாயோ உயிருடன் இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்க இயலாது. 'தாய்' என்ற சொல் இப்பிரிவில் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான் இடம்பெற்றது என்பதை இங்குக் குறித்துச் செல்லலாம். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் இயற்கைப் பாதுகாவலராகத் தந்தையையும் தாயையும் காட்டுகிறது. தாத்தா பாட்டி அதில் இல்லை. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவோ குழந்தை நலனே தலையாயது என்கிறது. ஆக, தகுதி என்ற அளவுகோலும் நலன் என்ற அளவுகோலும் அருகருகே நிற்கின்றன. எந்த வழக்கில் எது முந்தும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, தீர்ப்புகள்தாம் சொல்கின்றன.

வேறொரு சட்டத்தையும் இவற்றோடு வைத்துப் படிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்ற சொல் வயதுவந்த பேரனையும் பேத்தியையும் உள்ளடக்கும். தாத்தாவோ பாட்டியோ அவர்களிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். வளர்ந்த பேரன் பாட்டிக்குச் சோறு போடச் சட்டப்படி கடமைப்பட்டவன். அவன் சிறுவனாக இருந்தபோது சோறு போட்ட பாட்டிக்கு அதனால் மட்டும் சட்டப்படியான நிலை எதுவும் கிட்டுவதில்லை. முதுமையில் உறவாகக் கருதப்படுவது குழந்தைப் பருவத்தில் ஏன் உதவியாக மட்டும் கருதப்படுகிறது என்று எந்தத் தீர்ப்பும் வினவியதாகத் தெரியவில்லை.

வென்ற வழக்குகள்

நீல் ரத்தன் குண்டு வழக்கு (2008) தாய்வழித் தாத்தா பாட்டிக்கு ஆதரவான முதன்மைத் தீர்ப்பாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. தாய் இறந்துவிட்டார், அவ்விறப்புத் தொடர்பான குற்றவழக்கைத் தந்தை எதிர்கொண்டிருந்தார். விசாரணை நீதிமன்றமும் கல்கத்தா உயர் நீதிமன்றமும் தந்தைக்கே குழந்தையை வழங்கின. உச்ச நீதிமன்றம் அவ்வாணைகளை நீக்கியது. நீதிபதிகள் சிறுவனிடம் நேரில் பேசினர். அவன் தாத்தா பாட்டியுடன் இருக்கவே விரும்பினான். தந்தை மீதுள்ள குற்றச்சாட்டையும் குழந்தையின் விருப்பத்தையும் கீழமை நீதிமன்றங்கள் உரியவாறு கருதவில்லை என்பது தீர்ப்பின் மையம்.

இத்தீர்ப்பைப் பாராட்டாதோர் அரிது. எனினும் அதன் தருக்கத்தைக் கூர்ந்து நோக்கினால், தராசைச் சாய்த்ததில் தந்தையின் மீது விழுந்த நிழலுக்கே பெரும்பங்கு. அந்நிழல் இல்லாதிருந்தால் அதே தாத்தா பாட்டி, அதே அன்பு, அதே ஆண்டுகள் போதுமானவையாக இருந்திருக்குமா? இதற்கு முன்னர் 1992இல் தாய்மாமனிடம் குழந்தைகளை ஒப்படைத்த கீர்த்திகுமார் வழக்கிலும் இவ்வாறே தந்தை குற்றச்சாட்டுக்கு உள்ளாகியிருந்தார்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கத்தக்கது அஞ்சலி கபூர் வழக்கு (2009). பிரசவத்தை ஒட்டித் தாய் இறக்க, குழந்தை பிறந்தது முதல் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தது. உயர் நீதிமன்றம் தந்தைக்கு வழங்கியதை மாற்றி உச்ச நீதிமன்றம் பாட்டியிடமே குழந்தையை விட்டது. குழந்தை அறிந்த ஒரே வீடு அதுதான் என்ற உண்மை இங்கு உரிய இடம் பெறுகிறது. ஆயினும் தந்தையின் பொருளாதார நெருக்கடியும் அதன் அருகிலேயே பேசப்படுகிறது. இரண்டில் எது எவ்வளவு எடை பெற்றது என்பதைத் தீர்ப்பிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். பின்வந்த வழக்கறிஞர்கள் இதனைத் தமக்கேற்ற பக்கமாகவே வாசித்து வந்துள்ளனர்.

தோற்ற வழக்குகள்

2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பு இத்துறையில் ஒரு திருப்பம். தாய் புற்றுநோயால் இறந்தார். தந்தையும் கடும் நோயுற்றிருந்த காலத்தில் கைக்குழந்தை தாயின் உடன்பிறந்தோரிடம் இருந்தது. நலம் பெற்ற தந்தை ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அம்மனு ஏற்கத்தக்கதே என்றும், தந்தை இயற்கைப் பாதுகாவலர் என்றும் கூறி நீதிமன்றம் குழந்தையை அவரிடம் ஒப்படைத்தது. 2024இல் கௌதம் குமார் தாஸ் வழக்கிலும், 2025இல் விவேக் குமார் சதுர்வேதி வழக்கிலும் இப்போக்குத் தொடர்ந்தது. 2025 வழக்கில், குழந்தை தாத்தா பாட்டியிடம் வசதியாக இருப்பதைக் கண்டு அலகாபாத் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்திருந்தது. தாயின் மரணத்துக்கு முன் சுமார் பத்தாண்டுகள் குழந்தை தந்தையுடன் வாழ்ந்ததைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், கல்வியாண்டு முடிந்தபின் தந்தையிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டது.

இவற்றுள் எந்த முடிவும் தவறானது என்று நான் கருதவில்லை. நோயுற்ற தந்தையின் குழந்தையை அவர் நலம் பெற்றபின் தர மறுப்பது நீதியாகாது. என் கருத்துவேறுபாடு முடிவுக்கு இட்டுச்சென்ற சொல்லின் மீது. 'தற்காலிகம்' என்பதே அச்சொல். துயரச் சூழலில் தற்காலிகமாக ஒப்படைத்தது என்று ஒரு முறை பெயரிட்டுவிட்டால், அந்தக் காலம் மூன்று மாதமா மூன்று ஆண்டா என்ற வினா பின்தள்ளப்படுகிறது. ஒப்படைத்தவரின் எண்ணத்தைக் கொண்டே காலம் அளக்கப்படுகிறது. குழந்தையின் வயதைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. நாற்பது வயதினருக்கு மூன்றாண்டு தற்காலிகம். நான்கு வயதுக் குழந்தைக்கு அது நினைவு தெரிந்த வாழ்நாள் முழுவதும்.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலும் இச்சிக்கல் ஒளிந்திருக்கிறது. காப்பிலுள்ள குழந்தை பாதுகாவலரிடமிருந்து நீங்கினாலோ நீக்கப்பட்டாலோ திரும்ப ஒப்படைக்க ஆணையிடலாம் என்பது அதன் வாசகம். தந்தை தம் கையாலேயே மாமியாரிடம் விட்டுச் சென்ற குழந்தை அவரிடமிருந்து 'நீங்கியதா'? உடல் எங்கிருந்தாலும் சட்டப்படியான காவல் தந்தையிடமே இருந்தது என்று கொண்டு நீதிமன்றங்கள் இதைக் கடந்து செல்கின்றன. வளர்த்தவரின் வீடு அப்போது ஒரு தங்குமிடம் மட்டுமே ஆகிறது.

மன்றத்தின் தேர்வு

இங்கு நடைமுறை சார்ந்த ஒன்றை வலியுறுத்த வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்தால் சாட்சியம், சமரச முயற்சி, நல வல்லுநரின் உதவி, குழந்தையுடன் நீதிபதி தனியறையில் பேசுதல் ஆகியவற்றுக்கு இடமுண்டு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் சாட்சியச் சட்டத்தின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை போன்ற எளிய ஆவணங்கள் பேசத் தொடங்குவது இங்குதான். ஆட்கொணர்வு மனுவில் வாக்குமூலங்களைக் கொண்டே விரைந்து முடிவு காணப்படும்.

திருவண்ணாமலை மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்து ஊரொன்றில் பேத்தியை வளர்க்கும் ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். ஆட்கொணர்வு மனுவின் அறிவிப்பு அவருக்குக் காவல் நிலையத்தின் வழியே வந்து சேரும். அக்கணமே அவர் தம் கண்ணுக்கே குழந்தையைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தவராகிவிடுகிறார். மலையிறங்கி, பேருந்து மாறி, சென்னையை அடைந்து, நீதிமன்ற அறையில் குழந்தையின் கையைப் பிடித்து நிற்கையில், தாம் வளர்த்த ஆண்டுகளை நிறுவும் தாள் எதுவும் அவரிடம் இருக்காது. மாவட்டத் தலைநகரில் 9ஆம் பிரிவின்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் நடந்திருந்தால், அவ்வழக்கு வேறு முடிவை எட்டியிருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. வேறு சான்றுகளைக் கேட்டிருக்கும் என்று கூறலாம்.

ஆட்கொணர்வு மனு உறவினருக்கு எதிராகவும் ஏற்கத்தக்கது என்ற 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு, விரிவான விசாரணை தேவைப்படும் இடத்தில் நீதிமன்றம் தரப்பினரைக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்றும் கூறுகிறது. பின்வந்த வழக்குகளில் முதற்பகுதி பெரிதும் எடுத்தாளப்பட்டது; இரண்டாம் பகுதி அந்த அளவுக்கு எடுத்தாளப்படவில்லை.

பெற்றோர் இல்லாத வழக்கும் தாயின் வழக்கும்

சுவாமிநாதன் குஞ்சு ஆச்சார்யா வழக்கில் (2022) பெற்றோர் இருவரும் 2021 கொரோனா இரண்டாம் அலையில் இறந்தனர். தந்தைவழித் தாத்தா பாட்டிக்கும் தாயின் தங்கைக்கும் இடையே வழக்கு. தாத்தாவுக்கு வயது 71, பாட்டிக்கு 63. சித்தியோ அரசுப் பணியில் இருப்பவர். இவ்வேறுபாட்டைக் கருதிக் குஜராத் உயர் நீதிமன்றம் சித்தியிடம் ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோலாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் நம் சமூகத்தில் தந்தைவழித் தாத்தா பாட்டியே பேரனை நன்கு கவனிப்பர் என்ற பொதுக்கூற்றையும் தீர்ப்பு உடன் வைக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் செல்வதும், குழந்தையின் முதல் மாதங்கள் தாய்வழிப் பாட்டியின் மடியில் கழிவதும் வழக்கமான தமிழ்நாட்டில் இக்கூற்றுக்கு என்ன ஆதாரம்? பாராட்டு ஓர் அளவுகோல் ஆகாது. அடுத்த வழக்கில் அதே பாராட்டு தாய்வழிப் பாட்டிக்கு எதிராகத் திரும்பும்.

அகெல்லா லலிதா வழக்கு (2022) வேறு வகையானது. என் வாதத்தின் எல்லையை எனக்கே காட்டியதும் அதுதான். கைக்குழந்தையுடன் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்தார். கணவனின் பெற்றோர் பாதுகாவலர் நிலை கோரினர். விசாரணை நீதிமன்றம் அதை மறுத்து, அவர்கள் குழந்தையைச் சந்திக்க மட்டும் அனுமதித்தது. உயர் நீதிமன்றம் குழந்தையின் குடும்பப் பெயரை மாற்றவும் தாயின் இரண்டாம் கணவரை வளர்ப்புத் தந்தை என்று குறிக்கவும் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, தந்தை இறந்தபின் தாயே இயற்கைப் பாதுகாவலர், பெயரைத் தீர்மானிப்பவரும் அவரே என்றது.

மகன் இறந்ததும் மருமகளை அனுப்பிவிட்டுப் பேரனை மட்டும் வைத்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே உண்டு. 'எங்கள் ரத்தம்' என்பது அங்குப் பேசப்படும் மொழி. வளர்த்த ஆண்டுகளுக்கு எடை தர வேண்டும் என்று நான் எழுதும் வரி, குழந்தையைக் காட்டாமல் மறைத்து வைத்து ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் அவ்வீட்டாருக்கும் பயன்படக்கூடும். கட்டட வேலை செய்யும் தாயைவிட நிலம் வைத்திருக்கும் தாத்தா எப்போதும் 'நலன்' மிக்கவராகவே தோன்றுவார். எனவே 19ஆம் பிரிவை நீக்க வேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். அது ஏழைத் தாய்க்கான வேலி. வளர்த்த காலத்தை எண்ணும்போது, அக்காலம் பெற்றோரின் இசைவுடன் கழிந்ததா, தடுப்பால் கழிந்ததா என்பதை நீதிமன்றம் முதலில் பிரித்தறிய வேண்டும். 'தற்காலிகம்' என்ற சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது என்பதே அதன்மீது எனக்குள்ள பெரிய குறை.

செவிலியும் வல்லாளனும்

தாய் என்ற சொல்லைப் பெற்றவளுக்கு மட்டும் உரியதாக்காத மரபு தமிழுக்கு உண்டு. தொல்காப்பியக் களவியல், தாய் எனப்படும் தகுதியைச் செவிலிக்கு உரித்தாக்குகிறது; நற்றாய் அதன்பின் வருகிறாள். தலைவியின் மறைபொருளை அறிந்து பேசும் நெருக்கமே அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. செவிலி பாட்டி அல்லள். அகப்பொருள் இலக்கணத்தைச் சட்ட விதியாக்கவும் இயலாது. ஆனால் பழகி அறிந்த நெருக்கத்தால் ஒரு தகுதி பிறக்கும் என்ற எண்ணம் 17ஆம் பிரிவின் 'நிலவும் தொடர்புகள்' என்ற தொடருக்கு அயலானது அன்று.

திருவண்ணாமலையில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. பிள்ளையில்லாத வல்லாள மகாராசனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானதாகத் தலபுராணம் கூறும். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி மன்னனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. பிள்ளைமை பிறப்பால் மட்டும் அமைவதில்லை, கடமையாலும் அமையும் என்பது அச்சடங்கின் உட்கிடை. கடமை இளையவரிடமிருந்து மூத்தவரை நோக்கியே செல்வதைக் காணும்போது, 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இதே திசையில் நிற்பது நினைவுக்கு வருகிறது.

சந்திப்புரிமை

முடிவு பெற்றோருக்கே சாதகமாக அமைந்தாலும், வளர்த்தவரோடு குழந்தையின் தொடர்பு என்னவாகும் என்ற வினா எஞ்சுகிறது. தீர்ப்புகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். பிரான்சின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, தாத்தா பாட்டியோடு உறவு கொள்வதைக் குழந்தையின் உரிமையாக்குகிறது. குழந்தையின் நலன் மட்டுமே அதற்குத் தடையாகலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிராக்ஸல் வழக்கில் (2000) எதிர்த்திசையில் சென்றது: யாரும் எப்போதும் சந்திப்புரிமை கோரலாம் என்ற வாஷிங்டன் மாநிலச் சட்டத்தை அவ்வழக்கில் செயல்படுத்தியது, தகுதியுள்ள பெற்றோரின் முடிவெடுக்கும் உரிமையை மீறுவதாகக் கண்டது. நம் சட்ட ஆணையம் 2015இல் அளித்த 257ஆம் அறிக்கை, தாத்தா பாட்டி குழந்தையோடு கழிக்கும் நேரத்தையும் தன் வழிகாட்டு நெறிகளுள் சேர்த்தது. பத்தாண்டுகள் கடந்தும் அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இளவரின் வளர்ப்புரிமையோடு இளவரைச் சந்திக்கும் அனுமதியையும் தன் அதிகார எல்லைக்குள் வைக்கிறது. சந்திப்பவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கு எழுதப்படவில்லை. லலிதா வழக்கின் விசாரணை நீதிமன்றம், பாதுகாவலர் நிலையை மறுத்த அதே ஆணையில் சந்திப்பை அனுமதித்ததும் இதற்கு முன்னுதாரணம். நீதிமன்ற வளாகத்தின் மரத்தடியில் மாதம் இருமுறை இரண்டு மணி நேரம் என்று எழுதும் வழக்கமான ஆணை, ஐந்தாண்டுகள் ஒரே பாயில் உறங்கிய பேத்திக்கும் பாட்டிக்கும் பொருந்தாது. பெங்களூருவில் தந்தையிடம் வாழப்போகும் குழந்தை கோடை விடுமுறையில் எத்தனை நாள் செங்கத்தில் தங்கலாம், கார்த்திகைத் தீபத்துக்கு யார் அழைத்து வருவது, பேருந்துச் செலவு யாருடையது, வாரத்தில் எந்த மாலை தொலைபேசியில் பேசலாம் என்பவற்றை ஆணை பெயர் சொல்லி எழுத வேண்டும். எழுதாவிடில் அவை பெரியவர்களின் கோபத்துக்கு விடப்படும்.